எதற்கெடுத்தாலும் “எனக்கு வராது” என்கிற பெண்பிள்ளைக்கு முதலில் என்ன செய்வது?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் கிராமம். மகளுக்கு 19 வயது, ஈரோட்டில் காலேஜ் இரண்டாம் வருஷம். வெடியால டீயைக் குடித்துவிட்டு ஏழு மணிக்கு பஸ் ஏறினால் மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. எப்போது பார்த்தாலும் அசதி. ராத்திரி ஒரு மணி வரை போன். நாலு பேர் முன்னால் வாய் திறப்பதில்லை. எதைச் சொன்னாலும் “எனக்கு வராது”. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் அக்கா மகளும் (21) இதே மாதிரிதான். தன்னம்பிக்கை வகுப்பு எதிலாவது சேர்த்துவிடலாமா?

பதில்:

வகுப்பு இப்போதைக்கு வேண்டாங்க. மைக் பிடித்தவர் இரண்டு மணி நேரம் பேசி, எல்லோரையும் கை தட்ட வைத்து அனுப்புவார். அந்தச் சூடு மூன்றாம் நாள் தாங்காது. ‘என்னால் முடியும்’ என்கிற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் நான்காகப் பிரித்துச் சொன்னார்: தானே ஒரு வேலையைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருத்தி அதைச் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் சொல்லும் தைரியம், அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கிற நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வகுப்பில் கிடைப்பது மூன்றாவது மட்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு நான்காவதே ஆட்டம் கண்டிருக்கிறது. அதனால் ரத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்த வாரமே இரண்டு பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துச் சொல்வார்கள். முடிந்தால் முழு ரத்தப் பரிசோதனையும் (சிபிசி), தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஆகவே “நம்ம ஊட்டுப் பிள்ளைக்கு எல்லாம் இருக்காது” என்று நினைக்க இடமே இல்லை. ரத்தம் குறைந்த பிள்ளைக்குப் படித்தது மண்டையில் நிற்காது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், மத்தியானம் வகுப்பில் கண் சொருகும். வீட்டில் இதற்கு நாம் வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் தன்னை அப்படியே நம்பிவிடும். இன்னொரு அடையாளம்: பச்சரிசி, விபூதி, சாக்பீஸ், ஐஸ்கட்டி இவற்றில் எதையாவது அடிக்கடி வாயில் போட்டு மெல்லும் பழக்கம். திட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் வேலை, ரத்தம் ஏறினால் தானாகப் போய்விடும்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 11 முதல் 11.9 வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். 12-க்கு மேல் இருந்தும் அசதி தீராவிட்டால் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள். உடம்பில் சேமித்து வைத்த இரும்பு எவ்வளவு என்பது அதில் தெரியும். 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி.

இங்கேதான் எல்லா வீட்டிலும் ஒரே தவறு நடக்கிறது. ரிப்போர்ட்டில் 9 என்று பார்த்ததும் பீட்ரூட், பேரீச்சை, மாதுளை, கடையில் விற்கும் ஒரு சிவப்பு டானிக் என்று இறங்கிவிடுகிறார்கள். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை, நிறம்தான் ஏமாற்றுகிறது. பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். கம்பில் 100 கிராமுக்கு 6.4, ராகியில் 4.6, முருங்கைக்கீரையிலும் சுமார் அவ்வளவு. தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்பில் குடல் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. எனவே சாப்பாடு ரத்தம் குறையாமல் காக்கும். குறைந்த ரத்தத்தை ஏற்ற மாத்திரைதான் வேண்டும்.

அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. 10 முதல் 19 வயதுக்கு நீல நிறம், 20-க்கு மேல் சிவப்பு. வாரம் ஒன்று என்பது ரத்தசோகை வராமல் தடுக்க. ஏற்கனவே குறைந்திருந்தால் தினமும் சாப்பிட வேண்டியிருக்கும். அளவை டாக்டர் சொல்லட்டும். அதை எப்படிப் போடுவது என்பதுதான் முக்கியம். உங்கள் மகள் வெடியால டீயோடு விழுங்கினால் டீயில் இருக்கும் டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும், மாத்திரை வீண். பாலும் கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். எலுமிச்சை இல்லாத நாளில் ஒரு நெல்லிக்காய், அல்லது பாதிக் கொய்யா. வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டை ஒட்டியே போடலாம். கொஞ்சம் குறைவாக ஏறும், ஆனால் நிறுத்துவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை பயந்து யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடும். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் கீரையும் கூட்டுங்கள், அப்படியும் தீராவிட்டால் வேறு வகை மாத்திரை கேளுங்கள். ஒரு மாதத்தில் சுமார் 1 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை, அல்லது ரத்தம் எங்கோ வெளியே போகிறது, அல்லது குறைவுக்குக் காரணம் இரும்பு இல்லை. மூன்றில் எது என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். 12-ஐத் தொட்டதும் நிறுத்தாமல் இன்னும் மூன்று மாதமாவது தொடர வேண்டும். சேமிப்பு நிரம்புவது அதற்குப் பிறகுதான்.

ரத்தம் வெளியே போகும் வழி இரண்டு. ஒன்று கொக்கிப்புழு. தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிற வீடுகளில் இது சகஜம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று மாதவிடாய். ஒரு பேடு ஒன்று இரண்டு மணி நேரத்திலேயே நனைந்து போவது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டியாகப் போவது, ஏழு நாளைத் தாண்டுவது, இதில் ஏதாவது இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். “எனக்கும் அந்த வயசுல அப்படித்தான் இருந்துச்சு” என்பது பதில் இல்லை. அம்மா, மகள் இரண்டு பேருக்குமே ரத்தசோகை இருந்திருக்கலாம். 21 நாளைக்குள் திரும்ப வருவது, 35 நாளைத் தாண்டுவது, கூடவே முகத்தில் முடி, பரு, எடை ஏற்றம் இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதாமாதம் வயிற்றுவலியால் காலேஜுக்கு மட்டம் போடுகிற அளவுக்கு இருந்தால் அதற்கும் மருந்து உண்டு.

பேடை நனைந்தாலும் நனையாவிட்டாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஆனால் பஸ், வகுப்பு, தையல் லைன் என்று இருக்கும் பிள்ளைகள் மாற்ற இடமில்லாமல் காலையில் வைத்ததோடு சாயங்காலம்தான் வருகிறார்கள். அதே கழிவறைப் பயத்தில் தண்ணீரும் குடிப்பதில்லை. பிறகு நீர்க்கடுப்பு, தலைவலி. பையில் இரண்டு பேடு, பழைய செய்தித்தாள், சின்ன சோப்பு, ஒரு ஜட்டி கொண்ட ஒரு பவுச் நிரந்தரமாக இருக்கட்டும். கிராமத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு ‘புதுயுகம்’ திட்டத்தில் இலவச நாப்கின் உண்டு, செவிலியரிடம் கேளுங்கள். தண்ணீர் போதுமா என்பதற்கு லிட்டர் கணக்கு வேண்டாம், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அப்புறம் ஒன்று, கேட்காமலே சொல்கிறேன்: அந்த மூன்று நாளும் பிள்ளையைத் திண்ணையில் தனிப் பாயில் படுக்கப் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். உடம்பைப் பற்றிக் கூச்சப்படு என்று மாதாமாதம் சொல்லிக் கொடுத்துவிட்டு, தைரியமாக நில் என்றும் சொல்ல முடியாது.

காலைச் சாப்பாடு. ஏழு மணி பஸ்ஸுக்கு ஆறேமுக்காலுக்கு இட்லி தின்னச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் இறங்காது. அதற்குச் சண்டை போடுவதைவிட முறையை மாற்றுவது மேல். முந்தின நாள் ராத்திரி ராகிக் களியோ கம்பஞ்சோறோ கிண்டி, இரண்டு உருண்டையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெடியால மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நாலு நறுக்கிப் போட்டு ஒரு பெரிய டம்ளர். நின்றபடியே குடித்துவிட்டுப் போகலாம். கூடவே அவித்த முட்டை ஒன்று. நாமக்கல்லுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்கு யோசிக்க வேண்டியதில்லை. முட்டை சேர்க்காத வீடென்றால் வறுத்த நிலக்கடலை 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, பஸ்ஸில் கொறிக்கப் பொட்டலமாகக் கொடுங்கள். முட்டையில் 6 கிராம், இந்தக் கடலையில் 7 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் வேண்டும். வெறும் சோறும் ரசமும் என்றால் பாதியைத் தாண்டாது. அரிசியும் பருப்பும் சாதம் வைக்கும்போது ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போடுவதை அரை டம்ளராக்குங்கள். ருசி கெடாது, டப்பா நிறைவாகும். வாரம் மூன்று நாள் கொள்ளுப் பருப்பு, மற்ற நாளில் பச்சைப்பயறோ தட்டப்பயறோ கடைந்தது. கொள்ளு சூடு என்று மாதவிடாய் நாட்களில் ஒதுக்கினால் ஒதுக்கட்டும், பச்சைப்பயறு போதும். டீ காலை பத்து மணிக்கு மேல் ஒன்று, நாலு மணிக்குள் இன்னொன்று. பேக்கரி டீயும் தேங்காய் பன்னும்தான் மத்தியானச் சாப்பாடு என்றால் அதைத் தினப்படியிலிருந்து வாரம் ஒரு நாளாக்கினால் போதும். அடியோடு தடை போட்டால் ஒளித்துச் சாப்பிடுவார்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 44-லிருந்து 55 கிலோ வரை சரியான எடைதான். அதற்குள் இருக்கும் பிள்ளையைக் ‘குண்டு’, ‘ஒல்லி’ என்று கிண்டல் செய்யும் உறவுக்காரர்களை நீங்கள்தான் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பிள்ளை வாய் திறந்தால் மரியாதை இல்லாதவள் ஆகிவிடுவாள்.

முகத்துக்கும் இதே கதை. பார்லரிலோ மருந்துக்கடையிலோ சீட்டில்லாமல் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் வீட்டில் இருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரியும், ரத்தக்குழாய் சிவப்பு நூலாகத் தெரியும், பரு கொப்பளிக்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகத் தெரிவதால் திரும்பப் போடுவார்கள். கொஞ்ச நாளில் அது இல்லாமல் வெளியே வரவே கூசுவார்கள். பல மாதமாகப் போட்டுவந்த கிரீமைத் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்.

தூக்கத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம். வெடியால அஞ்சரைக்கு எழ வேண்டுமென்றால் பத்தரைக்குள் படுக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, பத்து மணிக்கு ஹாலில் சார்ஜரில் போகட்டும். மகளுடையதை மட்டும் வாங்கி வைத்தால் அது தண்டனை, நாலு நாளில் முறியும். அக்கா மகள் ஒன்றரை ஷிப்டு போனால், காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு முடித்து, வந்து சாப்பிட்டுப் படுக்கவே பதினொன்றாகிவிடும். அவளுக்குப் போன் பிரச்சினை இல்லை, ஷிப்டுதான் பிரச்சினை. வாரத்தில் எல்லா நாளும் ஒன்றரை வேண்டாம், இரண்டு நாளாவது ஒரு ஷிப்டோடு வரட்டும். சம்பளத்தில் குறைவது தெரியும், உடம்பில் குறைவது பிறகுதான் தெரியும்.

உடற்பயிற்சி என்றதும் ஜிம்மைத் தேட வேண்டாம். வாரம் 150 நிமிடம் மூச்சு வாங்கும்படி நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து, இதை மூன்று தடவை. கால் மணி நேரம் போதும். இன்னொரு வழி நம் ஊரிலேயே இருக்கிறது: வள்ளி கும்மி. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் ஊருக்கு ஊர் மறுபடி பயிற்சி நடக்கிறது. பொழுதோட கோயில் மைதானத்தில் கூடி, வாரக்கணக்கில் அடவு பழகி, கடைசியில் ஊர் பார்க்க அரங்கேற்றம். மணிக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து ஆடுவதில் கால், இடுப்பு, மூச்சு எல்லாவற்றுக்கும் வேலை. வரிசையில் அடி தப்பினால் பக்கத்து அக்கா திருத்துவார், யாரும் மார்க் போடுவதில்லை. கூட்டத்தின் முன் நிற்கும் கூச்சம் அதிலேயே பாதி கரையும். சில இடங்களில் ஆட்டத்தோடு சாதிக்குள்தான் கல்யாணம் செய்வேன் என்று உறுதிமொழியும் வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி இல்லாத குழுவாகப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் மாத்திரையும் காலை டம்ளரும். அது நிலைத்த பிறகு தூக்கம், அதன் பிறகு பயிற்சி. ‘ஒரு மண்டலம் செய்தால் பழகிவிடும்’ என்பார்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தன்னால் நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தப்பியது கணக்கைக் கெடுக்கவில்லை. ஆகவே “நேத்து விட்டுட்டியே, அவ்வளவுதான்” என்ற பேச்சு வேண்டாம்.

இனி இரண்டாவது பாதி, வேலையைத் தானே செய்து முடிப்பது. பிள்ளையோடு உட்கார்ந்து, பயமாக இருக்கிற வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை பய மார்க் போடச் சொல்லுங்கள். மார்க்கை அவள்தான் போட வேண்டும். டவுன் பஸ்ஸில் தனியாகப் போவது 2, கேஸ் ஏஜென்சிக்குப் போன் பண்ணி விசாரிப்பது 4, பேங்கில் பணம் கட்டுவது 5, டாக்டரிடம் தன் தொந்தரவைத் தானே சொல்வது 6, இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது 6, வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பது 8, கிராம சபையில் தெருவிளக்கைப் பற்றிப் பேசுவது 10 என்று இருக்கலாம். மூன்று, நாலு மார்க்கில் ஆரம்பித்து, ஒரே வேலையைப் பயம் பாதியாகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு விட்டால் ‘ஏதோ தப்பித்தேன்’ என்ற எண்ணம்தான் மிஞ்சும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, எனவே பஸ் பழகக் காசும் ஒரு சாக்கு இல்லை.

பேங்கை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் நடப்பது இப்படி: அம்மாவும் மகளும் போகிறார்கள், மகள் செலானை எழுதுகிறாள், கவுன்ட்டரில் இருப்பவர் “எந்தக் கணக்கும்மா?” என்று கேட்கிறார், மகள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள், அம்மா பதில் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு நொடியில் பயிற்சி வீணாகிவிட்டது. பணம் கட்டியது அம்மா என்றுதான் அவள் மனசு எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை நீங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் நில்லுங்கள். அதற்கு முந்தின நாள் வீட்டில் ஒரு காலி செலானில் கணக்கு எண், தொகை எண்ணிலும் எழுத்திலும், நோட்டு விவரம், கையெழுத்து எல்லாம் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்: “சார், இந்தக் கணக்குல ஆயிரம் ரூவா கட்டோணுங்க.” முதல் வாக்கியம் வந்துவிட்டால் மற்றது தானாக வரும். தப்பாக எழுதிவிட்டால் வேறு செலான் வாங்கி எழுதுவதும் பயிற்சியில் சேர்த்தி. உள்ளே போய்க் கையில் போனை எடுத்து வைத்து ஒதுங்கி நிற்பது, கூட்டம் குறையட்டும் என்று காத்திருப்பது, இதெல்லாம் பயத்துக்குத் தீனி. திரும்பி வந்ததும் நீங்கள் கேட்கக்கூடாத கேள்வி “இதுக்கா இத்தன நேரம்?” ‘கெட்டிக்காரி’ என்ற பாராட்டும் வேண்டாம், அடுத்த தடவை தப்பினால் அது பொய்யாகிவிடும். “தொகைய எழுத்துல கரெக்டா எழுதிட்டயே” என்று செய்த காரியத்தைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முன்னால் “அவளுக்கு ஒன்னுந் தெரியாதுங்க, கொழந்த” என்று சொல்லும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். பாசத்தில் சொன்னாலும் காதில் விழுவது அதுதான்.

18 தாண்டியாகிவிட்டதால் ஸ்கூட்டிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுக்கலாம். முப்பது நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்ட், ஆறு மாதம் வரை எல்.எல்.ஆர். செல்லும். நம் ஊரில் பெண்பிள்ளைகளின் நடையையே மாற்றுவது இந்த ஸ்கூட்டிதான். ஹெல்மெட் கட்டாயம்.

காசு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் அவளிடமே இருக்கட்டும். முந்நூறை அஞ்சலகத்தில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடச் சொல்லுங்கள், நூறு ரூபாயிலிருந்தே போடலாம். மிச்சத்துக்குக் கணக்கு எழுதட்டும், கணக்கு கேட்டு நச்சரிக்க வேண்டாம். அக்கா மகளிடம் சம்பளச் சீட்டை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். 21,000-க்குள் சம்பளம் என்றால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், 12,000-க்கு 90 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். பிடித்தால் அவளுக்கு ஓர் இன்சூரன்ஸ் எண் இருக்க வேண்டும். அதைக் காட்டி ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கலாம். தகுதி இருந்தால், சீக்கு லீவுக்கு 70 சதவீதக் கூலியும் வாங்கலாம். மாதாமாதம் காசு போகிறது, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை என்கிற பிள்ளைகள் நிறையப் பேர்.

கம்பெனியில் யாராவது கை வைத்தாலோ கெட்ட பேச்சுப் பேசினாலோ, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி, புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைமை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சின்னப் பட்டறை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணினால் வழி சொல்வார்கள். ஆனால் சட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை உங்களுடையது. இரண்டு பிள்ளைகளிடமும் இப்போதே, எதுவும் நடக்காத நேரத்தில், சொல்லி வையுங்கள்: “என்ன நடந்தாலும் ஊட்ல சொல்லு கண்ணு. படிப்ப நிறுத்த மாட்டோம், வேலைய நிறுத்த மாட்டோம், போனப் புடுங்க மாட்டோம், உடனே மாப்பிள்ள பாக்கவும் மாட்டோம்.” போட்டோவைக் காட்டி மிரட்டுகிறவன் நம்பியிருப்பது இந்த நாலு பயத்தைத்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும் தன்னம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்த விஷயத்தில்கூட மனசு போகாமல் இருப்பது, காரணமில்லாமல் அழுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, மாதவிடாய் மூன்று மாதம் நின்று போவது, கையில் கீறல்கள், “நான் இருந்து என்ன ஆகப் போகுது” என்ற பேச்சு, இதில் எது இருந்தாலும் பய மார்க்கும் பயிற்சியும் நிற்கட்டும், முதலில் டாக்டர். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம். அப்படிப்பட்ட நேரத்தில் பூச்சிமருந்து, எலிமருந்து, சாணிப்பவுடர் (வாசல் தெளிக்கும் விஷச் சாயம்) எதுவும் வீட்டிலோ தோட்டத்துச் சாளையிலோ இருக்கக் கூடாது, அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பிள்ளையிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், கேட்பதால் வராது. 14416 டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் மகள் காலேஜ் போன பிறகு முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.